கிட்டார் வாசிக்காத ரொத்ரீகோ கிட்டார் கான்செர்ட்டோ எழுதியது எப்படி?

தந்திப்பித்தன்:
ஸ்பெயின் இசையமைப்பாளர் ஹோக்கின் ரொத்ரீகோ தனிக் கிட்டாருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய ‘கான்சியெர்த்தோ தே அரான்ஹுவெஸ்’ கொஞ்ச நாளாக விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வயதில் டிப்தீரியா (தொண்டை அடைப்பான் நோய்) வந்து அவருக்குப் பார்வை போனதும், பிரெய்லியில் எழுதியதும் தெரியும். ஆனால் அவர் பியானோக்காரர், கிட்டார் வாசிக்க மாட்டாராமே? பிறகு எப்படி இதை எழுதினார்? அப்புறம், இத்தனை வாத்தியங்களுக்கு நடுவே ஒற்றைக் கிட்டார் கேட்பது மைக் புண்ணியமா?

ஆறுகம்பி:
மைக்குக்கும் பங்கு உண்டு, பெரும்பங்கு எழுத்துக்கு. ஸ்கோரை (இசைக்குறிப்பை) பாருங்கள்: டிராம்போன் என்ற பித்தளைக் குழல் இல்லை, டிம்பனி என்ற பெரிய முரசு இல்லை. காற்று வாத்தியங்கள் வகைக்கு இரண்டுதான். தொடக்கத்தில் கிட்டார் ராஸ்கெயாதோ (விரல்களால் தந்திகளை வரிசையாக வீசி மீட்டுவது) அடிக்கும்போது கீழே டபுள் பேஸ் ‘டி’ சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவே.

அடாஜியோவில், அதாவது மெதுவான நடுப்பகுதியில், இங்கிலிஷ் ஹார்ன் என்ற ஊதுகுழல் மெட்டைப் பாட, கிட்டார் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) வருடுகிறது. பிறகு அதே மெட்டை அலங்காரத்தோடு தானே எடுத்துக்கொள்கிறது. நீண்ட தனி வாசிப்புக்குப் பின் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் மெட்டைக் கொட்டும் அந்த உச்சத்தில் கிட்டாருக்கு ஒரு சுரம்கூட இல்லை! போட்டிக்கு விட்டால் கிட்டார் தோற்கும் என்பது மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது.

அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாததன் பலனை அனுபவிப்பது கிட்டார் வாசிக்கும் நாங்கள்தான். அந்த வேகமான ஸ்கேல் (சுர வரிசை) ஓட்டங்கள் விரலைக் கேட்டு எழுதியவை அல்ல, திட்டிக்கொண்டேதான் பழகுகிறோம். கிட்டார் கலைஞர் ரெஹீனோ சாயின்ஸ் தெ லா மாசா பக்கபலமாக இருந்தார். 1940 நவம்பர் 9 அன்று பார்சிலோனாவில் முதலில் வாசித்தவரும் அவரே.

செலோப்பிரியை:
அடாஜியோ, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கெர்னிக்கா என்ற ஊரில் நடந்த குண்டுவீச்சுக்கான அஞ்சலி என்று ஒரு கதை சுற்றுகிறதே, நம்பாதீர்கள். ரொத்ரீகோவின் மனைவி விக்டோரியா காம்ஹியின் நினைவுக்குறிப்புகளில் காரணம் வேறு. 1939இல் பாரிஸில் இருந்தபோது அவர்களின் முதல் குழந்தை கருவிலேயே போய்விட்டது. தேனிலவு நாட்களின் ஏக்கமும் இந்தத் துக்கமும் சேர்ந்ததுதான் அந்த இசை. ரொத்ரீகோ வெளியில் அரான்ஹுவெஸ் அரண்மனைத் தோட்டம், பறவைகள், நீரூற்று என்றே சொல்லிவந்தார். வீட்டுத் துக்கத்தைப் பேசவில்லை.

தந்திப்பித்தன்:
இது தெரியாமலேயே இத்தனை நாள் கேட்டிருக்கிறேன். சரி, எந்த ரெக்கார்டிங் கேட்கலாம்?

ஆறுகம்பி:
பாக்கோ தெ லூசியா, 1991. ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய நாட்டார் இசைக்காரர், நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாதவர். தொனி கரடுமுரடு என்று கிளாசிக்கல் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் முதல் பகுதியின் தாளம் அவர் கையில் தெறிப்பதுபோல வேறு யாரிடமும் எனக்குக் கேட்டதில்லை.