மறு: டேட்டா ரெக்கவரிக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அசோக் நகரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நூலகப் பயிலரங்குக்காக, லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று வேலைகளுக்குத் தனித்தனிச் சொல் வேண்டும். பழுதான டிஸ்கைச் சரிசெய்வது ஒன்று. அதிலுள்ளதைச் செக்டர் செக்டராக (டிஸ்கின் சிறு சிறு பகுதியாக) வேறொரு டிஸ்கில் அப்படியே எடுத்துவைக்கும் 'இமேஜிங்' இன்னொன்று. அந்தப் பிரதியிலிருந்து கோப்புகளைத் தேடி எடுக்கும் 'ரெக்கவரி' மூன்றாவது.

மூன்றையும் குழப்பினால் படிப்பவருக்கு நட்டம். டக் டக் என்று சத்தம் வரும் டிஸ்கில், சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் தலை (ஹெட்) கெட்டிருக்கலாம். அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்தால் தட்டின் பூச்சே சுரண்டப்பட்டுவிடும். விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனை நிரலை ஓட்டுவதும் தவறு. அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தப் பார்க்குமே தவிர, உங்கள் படங்களைக் காப்பாற்றாது.

மயிலாப்பூரிலிருந்து:

அம்மா, 'மீள்' தன்வினை, 'மீட்டல்' பிறவினை. தானே திரும்புவது மீட்சி, நாம் திருப்பிக் கொணர்வது மீட்பு. ஆகவே 'தரவு மீட்பு' இலக்கணப்படி சரி. ஆனால் நம் மரபில் இதற்கென்றே ஒரு திணை இருக்கிறது. 'வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்' என்று படித்திருக்கிறோமே! பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பதுதான் கரந்தை. 'தரவுக் கரந்தை' என்று ஏன் சொல்லக்கூடாது? 'கரத்தல்' என்றால் மறைதல். மறைந்ததை மீட்பது என்ற பொருளும் அதில் ஒலிக்கிறது.

அப்புறம், ஹார்ட் டிஸ்குக்கு 'வன்தட்டு' என்று எழுதாதீர்கள். ன்-க்குப் பின் வரும் தகரம் றகரமாக மாறும் என்பது நன்னூல் விதி. வன் + தொண்டர் வன்றொண்டர் ஆவது போல இது வன்றட்டு.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வந்து வன்றட்டு என்றால் யாருக்குப் புரியும்? ஹார்ட் டிஸ்க் என்றே போடுங்கள். கரந்தைக்குக் கவர்ந்தவன் ஒருவன் வேண்டும். இங்கே யாரும் எதையும் ஓட்டிப்போகவில்லை. அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லவா, அந்த மீட்பு போதும். அதைப் பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்கிறார்.

எனக்குள்ள கவலை வேறு. சில மென்பொருள்களில் 'மீட்டமை' என்றால் ரீசெட், எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது. மீட்பு, மீட்டெடு, மீட்டமை மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் பதற்றத்தில் இருப்பவர் எதை அழுத்துவார்? கையேட்டில் 'மீட்டமை' வரவே கூடாது.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் போர்டு எரிந்துபோனால் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்கிறார்கள். இன்றைய டிஸ்குகளில் பெரும்பாலும் அது நடக்காது. அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சிப்பில் இருக்கும், அதையும் மாற்றிப் பொருத்த வேண்டும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. அழித்த கோப்பின் இடத்தை, கணினி அனுப்பும் டிரிம் என்ற கட்டளை காலி என்று அறிவித்துவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

திருவான்மியூரிலிருந்து:

இமேஜிங்குக்குப் 'படிமம்' வேண்டாம். அது பிம்பம், சிலை, கவிதை உத்தி என்று ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ஏடுகளைப் 'படியெடுத்தல்' என்றுதான் சொல்லிவந்தோம். பூச்சி அரித்த ஓலையை அடிக்கடி புரட்டினால் நொறுங்கும். அதனால் முதலில் படி, பிறகு அந்தப் படியை வைத்து ஆராய்ச்சி. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையில் பல ஏட்டுப்பிரதிகள் இருந்தன. நம் டிஸ்குக்கு ஒரே பிரதிதான், ஆகவே கவனம் இரட்டிப்பாக வேண்டும். பழுதான டிஸ்கைப் பிரதியெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலும் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. எளிதாகப் படிக்க முடிவதை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு அவற்றுக்குத் திரும்புகிறது. 'முழுப்படி' என்று வையுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து:

முழுப்படி நல்ல சொல், ஏற்கிறேன். ஆனால் 'படி' அளவைப் பெயரும் ஆயிற்றே? உழக்கு, நாழி, படி என்று…

அசோக் நகரிலிருந்து:

ஐயா, அளவையை அடுத்த வாரம் பேசுவோம். அச்சகத்தில் கேட்கிறார்கள். சரிசெய்வதற்குப் 'பழுதுநீக்கம்', இமேஜிங்குக்கு 'முழுப்படி எடுத்தல்', ரெக்கவரிக்குத் 'தரவு மீட்பு'. பெரும்பான்மை இதற்கே. தலைப்பில் 'ஹார்ட் டிஸ்க்', உள்ளே முதல் தடவை மட்டும் 'வன்தட்டு' என்றும் சேர்க்கிறேன். மீட்டமை எங்கும் இல்லை.

மயிலாப்பூரிலிருந்து:

மற்றவை சரி. வன்தட்டு என்று அச்சிடுவதை நான் ஏற்கவில்லை. கையேட்டைப் படிக்கப்போகும் பிள்ளைகள் அதைத்தான் சரியென்று பழகுவார்கள். என் மறுப்பைக் குழுவின் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.