சேகர இதழுக்குப் புத்தகம் படித்து நாலு வரி எழுத ஆள் பிடிப்பது எப்படி?

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சேகரத்து, அதாவது ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின், மாத இதழில் கடைசிக்கு முந்தின பக்கம் என் பொறுப்பு. 16 பக்கம், 350 பிரதி. இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் கொடுப்போம். அந்தப் பக்கத்துக்கு 'நூல் அறிமுகம்' என்று பெயர். மூன்று வருஷமாக நான் ஒருத்திதான் அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன். கண்ணில் புரை எடுத்த பிறகு முன்னைப்போல ராத்திரி உட்கார்ந்து படிக்க முடியவில்லை. புத்தகமோ வந்துகொண்டே இருக்கிறது. எழுதினவர்கள் 'மதிப்புரைக்காக' என்று முதல் பக்கத்தில் எழுதி இரண்டிரண்டு பிரதி அனுப்புகிறார்கள். தையல் மெஷின் மேல் இப்போது 23 தலைப்பு அடுக்கியிருக்கிறது. மெஷினைத் திறந்து ஆறு மாசம் ஆகிறது.

எழுதுகிறவர்களுக்குப் பணம் கிடையாது. புத்தகத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிரதி சேகர நூலகத்துக்கு. நூலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், வெஸ்ட்ரியில் (போதகர் அங்கி மாட்டுகிற அறை) ஒரு பீரோ, சாவி கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம்.

போன மாதம் எங்கள் போதகர் ஐயர் ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார். அசனம் என்கிற கோயில் விருந்துக்கான வரி, கல்யாண அறிவிப்பான ஓலை, கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது எல்லாம் முடிந்து, "நூல் மதிப்புரை எழுத விருப்பமுள்ளோர் டீச்சரம்மாவைப் பார்க்கவும்." பார்க்க வந்தது மூன்று பேர். ஒருவர் "அநேகம் புஸ்தகங்களை உண்டுபண்ணுகிறதற்கு முடிவில்லை; அதிக படிப்பு உடலுக்கு இளைப்பு" என்று பிரசங்கி 12:12ஐச் சொல்லிச் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினார். மற்ற இரண்டு பேரும் புத்தகம் வாங்கிப் போனார்கள். அதில் ஒருவர் பின்னட்டையில் இருந்ததை அப்படியே எழுதி, "அனைவரும் வாங்கிப் பயனடைய வேண்டிய ஆசீர்வாதமான நூல்" என்று முடித்திருந்தார். இன்னொருவர் புத்தகத்துக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு, தன் சொந்த சாட்சியை, கர்த்தர் தன்னை நடத்தின கதையை, நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நல்ல சாட்சிதான். ஆனால் எந்தப் புத்தகத்துக்கு?

இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு சபை வரலாற்றுப் புத்தகத்துக்கு நானே எழுதினேன். உழைத்து எழுதிய புத்தகம், அதை மூன்று பத்தி பாராட்டினேன். கடைசியில் ஒரே ஒரு வரி: 'ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820. புத்தகத்தில் 1802 என்று அச்சாகியிருக்கிறது, அடுத்த பதிப்பில் திருத்தலாம்.' ஜெர்மன் மிஷனரியான அவர் 1802இல் பிரஷ்யாவில் பதினோரு பன்னிரண்டு வயதுப் பையன்! அந்த வரிக்காக எழுதினவரின் சொந்தக்காரர் சேகரக் கமிட்டியில் என் பேரை எடுத்துப் பேசினார். "ஊழியத்தைக் குறை சொல்லலாமா" என்று கேட்டாராம். அந்த விஷயம் ஊருக்கே தெரியும். அதனால்தான் ஆள் வரவில்லையோ என்று ஒரு நினைப்பு.

உங்கள் சபைகளில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? எப்படிப் பிடித்தீர்கள்? அவர்களிடம் என்ன சொல்லிப் புத்தகத்தைக் கொடுக்கிறீர்கள்?

மதுரை மெய்ப்பு:

டீச்சர், வணக்கம். முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்பு (புரூஃப்) பார்த்தவன், பாதிக்கு மேல் கிறிஸ்தவப் புத்தகங்கள். உங்கள் 1802ஐ வாசித்துச் சிரித்தேன், பிறகு பயமாகவும் இருந்தது. நான் விட்ட பிழையோ என்னவோ.

முதலில் 'மதிப்புரை' என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். அதைக் கேட்டதும் நம் ஆட்களுக்குப் பேராசிரியர் ஞாபகம் வந்துவிடும். அறிவிப்பில் கூப்பிட்டால் மேடை ஆசை உள்ளவர்கள்தான் வருவார்கள். படிக்கிறவர்கள் வேறே இருப்பார்கள், நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டுத்தாளில் எழுத்துப்பிழை இருந்தால் பேனாவால் திருத்தி வைத்துவிட்டுப் போகிற ஆள் ஒருவர் ஒவ்வொரு சபையிலும் இருப்பார். ஆராதனை முடிந்த பிறகு அந்தத் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். பீரோவில் யார் புத்தகம் எடுக்கிறார்கள், யார் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கோயில்பிள்ளையிடம் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும். பிரசங்கம் முடிந்ததும் "அந்த வசனம் எரேமியாவில் இல்லை, ஏசாயாவில்" என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்பவரையும் விடாதீர்கள்.

ஆள் கிடைத்தால் புத்தகத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். நாலு கேள்வி போதும். இது யாருக்கு எழுதியது? எந்தப் பக்கத்தில் நின்று இரண்டாம் தடவை படித்தீர்கள்? எங்கே இடறியது? உங்கள் வீட்டில் யாருக்குக் கொடுப்பீர்கள், ஏன்? 'எங்கே இடறியது' என்று நாமே கேட்டுவிட்டால், குறை சொன்னோமே என்ற குற்ற உணர்வு அவர்களுக்கு இருக்காது. கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கமிட்டியில் பேசினவருக்கு ஒரு பதில் வைத்திருங்கள். நீங்கள் தேதி திருத்தின அதே ரேனியஸ் ஐயர், தனக்கு முந்தின மிஷனரி பப்ரிசியஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பில் குறை கண்டுதான் புதிய ஏற்பாட்டை மறுபடி தமிழாக்கினார். அவர் செய்ததிலும் மற்றவர்கள் குறை கண்டார்கள். பிறகு பவர் ஐயர் என்ற மிஷனரியின் குழு உட்கார்ந்து திருத்தி, 1871இல் முழு வேதாகமம் வந்தது. இன்றைக்கு நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவது அந்த வழியில் வந்ததுதான். வேதாகமத் தமிழையே ஒருவர் மாற்றி ஒருவர் குறை சொல்லிச் சரிசெய்திருக்கும்போது, சபை வரலாற்றில் ஒரு வருஷத்தைத் திருத்தக் கூடாதா?

எழுதுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது வசன மேற்கோள். நான் பார்த்த புத்தகங்களில் அதிகம் தவறுவது அங்கேதான், மனப்பாடத்தை நம்பி எழுதிவிடுகிறார்கள். பத்து வசனத்தை எடுத்து ஒத்துப் பார்த்தால் போதும், அந்தப் புத்தகத்தில் எவ்வளவு கவனம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தூத்துக்குடி வளன்:

நான் கத்தோலிக்கன், உங்கள் உரையாடலில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோயில் பங்கில் இதே சிக்கல். அன்பியம் என்கிற பக்கத்து வீட்டார் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு புத்தகத்தை ஆறு வீடு சுற்றவிடுவோம், வீட்டுக்கு ஒரு அத்தியாயம். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் நான் குறித்துக்கொள்வேன். ஒருவர் பேரும் தனியாக வராது. கோபப்படுகிறவர் ஆறு வீட்டோடும் கோபித்துக்கொள்ள வேண்டும். அது நடக்கிற காரியமா?

மதுரை ஐயா வசனத்தை ஒத்துப் பார்க்கச் சொன்னார். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த வேதாகமத்தோடு ஒத்துப் பார்ப்பது? எங்கள் பங்குக்காரர் எழுதிய ஒரு சிறு தியானப் புத்தகத்தைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஒரு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, சீராக் சீராக் என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறாரே, அப்படி ஒரு ஆகமமே கிடையாது. இவர் இட்டுக்கட்டி எழுதுகிறார்." அவர் பைபிளில் கிடையாதுதான், கத்தோலிக்க பைபிளில் உண்டு. எங்கள் திருவிவிலியத்தை எடுத்துக் காட்டினேன், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதை அங்கேயே நின்றபடி அரை மணி நேரம் படித்தார். அப்புறம் அவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரு பயனுள்ள வரி இருந்தது: 'தொடக்கநூல் என்றால் ஆதியாகமம், திருப்பாடல் என்றால் சங்கீதம், திருத்தூதர் பணிகள் என்றால் அப்போஸ்தலர் நடபடிகள் என்று முன்னால் ஒரு பக்கம் போட்டால் எங்கள் ஆட்களும் படிப்பார்கள்.' எழுதியவர் அடுத்த புத்தகத்தில் போட்டுவிட்டார்.

அதனால் நான் சொல்வது, உங்கள் சபைப் புத்தகத்தை உங்கள் சபைக்குள்ளேயே கொடுக்காதீர்கள். உள்ளூரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். எங்களுக்கு இரண்டு அனுப்புங்கள், நாங்கள் இரண்டு அனுப்புகிறோம்.

பெருங்குடி பையன்:

டீச்சர், ஒன்று கேட்கலாமா? அச்சுக்குப் பணம் உண்டு, லே அவுட் போடுகிறவருக்கு உண்டு, படித்து எழுதுகிறவனுக்கு மட்டும் 'ஊழியமாகச் செய்' என்பது எந்த நியாயம்? ஒரு புத்தகம் படிக்க எனக்கு இரண்டு வாரம் கம்பெனி பஸ்ஸில் போகும். கேட்கிறேன், அவ்வளவுதான். பணம் வேண்டாம், தேதி சொல்லுங்கள். "மெதுவா குடுங்க தம்பி" என்றால் ஒருநாளும் தர மாட்டேன். பதினைந்தாம் தேதி என்றால் பதினாலாம் தேதி ராத்திரி தந்துவிடுவேன்.

இன்னொன்று, எழுதச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஆச்சி படிக்காத கிறிஸ்தவப் புத்தகம் கிடையாது. பேனாவைக் கையில் கொடுத்தால் "பரலோகத்திலிருக்கிற" என்று ஆரம்பிப்பாள். பேசச் சொன்னால் எழுதினவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

கட்டிலடி:

நான் எதிர்த் தரப்பு. புத்தகம் எழுதினவன். 500 பிரதி சொந்தக் காசில் அச்சடித்தேன், பி.எஃப். பணம். அதில் முந்நூற்றுச் சொச்சம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, பேரும் அதனால்தான்.

பதினொரு இடத்துக்கு மதிப்புரைக்கு அனுப்பினேன். ஒன்பது இடத்தில் சத்தமே இல்லை. ஒரு இதழில் 'ஆசீர்வாதமான நூல்' என்று வந்தது. முதல் நாள் அதை வெட்டி ஒட்டி வைத்தேன். மறுநாள் படித்துப் பார்த்தால், என் புத்தகத்தின் பேரை எடுத்துவிட்டு வேறு எதன் பேரைப் போட்டாலும் பொருந்தும். இன்னொரு இதழில் ஒருவர் எழுதியிருந்தார்: 'நாலாம் அத்தியாயமும் ஏழாம் அத்தியாயமும் ஒரே பிரசங்கம்.' கோபம் தலைக்கேறியது. எடுத்துப் பார்த்தேன். ஒரே பிரசங்கம்தான். இரண்டு வேறு வருஷத்து லெந்து என்கிற தவக்காலத்தில் நான் பேசியது, நானே மறந்துபோனேன். பதினொரு பேரில் அந்த ஒரு ஆள்தான் ஏழாம் அத்தியாயம் வரைக்கும் வந்திருக்கிறார்.

ஆகையால் டீச்சர், எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசிப் பக்கம் வரை படியுங்கள். முடியவில்லை என்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. முன்னுரையையும் பொருளடக்கத்தையும் வைத்துக்கொண்டு புகழ்வதுதான் எங்களைக் கொல்லுகிறது. இன்னொரு விஷயம், தேதிப்பிழை மாதிரி இருந்தால் இதழ் வருவதற்கு முன் எழுதினவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். எப்படியும் அச்சில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் அதை முதல் தடவையாகப் படிக்க நேர்வது கஷ்டம், உங்கள் ஊர்க்காரர் அதனால்கூடத் துள்ளியிருக்கலாம்.

பாளை டீச்சர்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், பிரதிஷ்டைப் பண்டிகை வேலை.

கட்டிலடி ஐயா, நீங்கள் சொன்னது உறைத்தது. நான் அவருக்குப் போன் செய்யவில்லை. அது என் தப்புதான். இப்போது செய்தேன். முதலில் "சொல்லுங்க" என்றார், பிறகு ரேனியஸ் ஐயரைப் பற்றியே நாற்பது நிமிஷம் பேசினார். 1802ஐப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். அசனத்துக்கு முந்தின நாள் ராத்திரி வெங்காயம் உரிக்க பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எதிரே இருந்த அக்கா ஒரு மிஷனரி வரலாற்றைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "எல்லாம் நல்லாத்தான் எழுதிருக்காரு. ஆனா அவரு பொஞ்சாதி செத்தத ஒரே வரில முடிச்சிட்டாரு பாத்துக்கோ. குதிர செத்ததுக்கு ஒரு பக்கம்" என்றாள்.

வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தேன். அந்தப் புத்தகம் என் தையல் மெஷின் மேலேயும் இருக்கிறது. நானும் முழுதாகப் படித்தேன். அந்தக் குதிரை எனக்குப் படவே இல்லை.

பெருங்குடித் தம்பி, உன் ஆச்சி ஞாபகம் வந்தது. அதனால் அந்த அக்காவை எழுதச் சொல்லவில்லை. அவள் மகன் போனில் பேசி ஏழு நிமிஷம் அனுப்பினாள். மதுரை ஐயாவின் நாலு கேள்வியை நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், நாலாவதைக் கேட்கும் முன்னேயே பதில் சொல்லிவிட்டாள்: மருமகளுக்குக் கொடுப்பாளாம், "கெட்டிக்கார மனுசன் வீட்ட எப்படி மறப்பான்னு தெரிஞ்சுக்கிடட்டும்." எழுதி எடுத்து வாசித்துக் காட்டினேன். 'குதிர' என்பதை நான் 'குதிரை' ஆக்கியதைத் தவிர ஒன்றும் மாற்றவில்லை. பேர் போட வேண்டாம் என்றாள், 'ஒரு வாசகி' என்று போட்டோம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஆட்கள் கோயில் வாசலிலேயே நின்று அந்தப் பக்கத்தைப் படித்தார்கள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஐந்தாறு பேர் கேட்டார்கள். எழுதினவருக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொன்னேன். "குதிரைக்கா ஒரு பக்கம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார், அப்புறம் பேச்சில்லை.

பாட்டுத்தாளில் திருத்துகிற ஆளும் அகப்பட்டார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாளும் வாய் திறக்காதவர். மூன்று புத்தகம் கொடுத்தேன், பதினைந்தாம் தேதி என்று சொல்லி. பின்னட்டையை எழுதிக்கொண்டு வந்தவருக்கும் சீட்டு வைத்து இன்னொன்று கொடுத்திருக்கிறேன், பார்ப்போம். சாட்சி எழுதினவருடையதை அடுத்த மாதம் சாட்சிப் பக்கத்திலேயே போடுகிறோம். மெஷின் மேல் இப்போது 17.

தூத்துக்குடித் தம்பி, இரண்டு புத்தகம் தபாலில் வரும், முகவரியைத் தனியாக அனுப்பு. கூடவே ஒன்று கேட்கிறேன். சீராக் இருக்கிற பைபிள் ஒரு பிரதி எங்கள் பீரோவில் வைக்க வேண்டும். பாளையங்கோட்டையிலேயே வாங்க முடியுமா, இல்லை உங்கள் பங்கில் சொல்லி வாங்கித் தருவாயா? கமிட்டியில் நான் சொல்லிக்கொள்கிறேன்.