புதுப்பிப்பு: காந்தி ரோடு மெஸ், தொழில் உரிமம்

வேலூர் காந்தி ரோட்டில் அண்ணன் நடத்தும் மெஸ்ஸுக்கு மாநகராட்சி தரும் தொழில் உரிமத்தைப் புதுப்பிப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். உரிமம் வந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் ஆன்லைனில் முடியும் என்றீர்கள், முடிந்தது. சொத்து வரி எண், வாடகை ஒப்பந்தம், அடையாளச் சான்று இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தொழில் வரி கட்டிய ரசீது உரிமம் ஆகாது. அது அரையாண்டுக்கு ஒருமுறை வருமானத்தைப் பொறுத்துக் கட்டும் தனி வரி. உணவுப் பாதுகாப்புப் பதிவும் தனிதான், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி.

அப்புறம், என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளை நம்பி இங்கே எத்தனை லாட்ஜ், எத்தனை மெஸ்! சாப்பிடுகிறவர் உடம்பு சரியில்லாதவர். அதனால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் இவற்றைக் கண்டிப்பாக நேரில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தையல் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் அதே அளவு சோதனை எதற்கு? ஆபத்து குறைந்த தொழில்களுக்குச் சுய உறுதிமொழியே போதும். மிச்சமாகும் நேரத்தில் ஆய்வாளர்கள் சமையலறைகளுக்குப் போகட்டும். மாநகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கும் சொத்து வரி விவரத்தை மறுபடி கேட்பதையும் நிறுத்தலாம்.

இதையே மனுவாக எழுதி வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கப் போகிறோம். காட்பாடி, சத்துவாச்சாரி கடைக்காரர்களும் கையெழுத்துப் போட விரும்பினால் சொல்லுங்கள்.