புதுப்பிப்பு: எங்கள் ஊழியர்களுக்கான இணைய மோசடிப் பயிற்சி

நூல் வழங்குபவரின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி, திருப்பூரிலுள்ள எங்கள் சிறிய பின்னலாடை நிறுவனத்தின் கணக்காளர் வேறொரு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பவிருந்ததையும், அதன்பின் ஊழியர்களுக்குப் பயிற்சி தொடங்கியதையும் மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன்.

முதலில் நடத்திய வகுப்பு பெரிதாகப் பயன்படவில்லை. அந்த மின்னஞ்சலையே அச்சிட்டுக் கொடுத்து, அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்ததை அவர்களே கண்டுபிடிக்கச் செய்தபோதுதான் உண்மையான கவனம் பிறந்தது. இப்போது வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக யார் தெரிவித்தாலும், அந்தத் தகவலில் உள்ள தொலைபேசி எண்ணை விடுத்து, எங்கள் பழைய பதிவேட்டில் உள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புகிறோம். நானே அவசரப்படுத்தினாலும் இந்த விதி மாறாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முதலாளியின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்துவதும் மோசடிக்காரர்களின் வழக்கமான உத்திதான்.

பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை என்பது இன்று எங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) திறக்காமல், எங்கள் ஓட்டுநர் சென்ற வாரம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார், மனம் நிறைந்தது.

ஏமாந்தவர் பயந்து மறைத்தால், பணத்தை முடக்கும் வாய்ப்புள்ள முதல் சில மணி நேரம் வீணாகிவிடும். ஆகவே யாரையும் கண்டிக்க மாட்டோம் என்று உறுதியளித்து, உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைக் கணக்குப் பிரிவின் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.