சியாலிடேஸை நிறுத்த ஓசெல்டாமிவிர் ஏன் பயன்படவில்லை?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைத் தொடர்களின் நுனியிலிருந்து சியாலிக் அமிலத்தை அகற்றுவதற்கு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட சியாலிடேஸைப் பயன்படுத்தி வருகிறேன். செல்களை 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் நொதியுடன் வைத்துக் கழுவியபின், ஒளிரும் சாயம் இணைத்த வேர்க்கடலை லெக்டினைச் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்) சேர்க்கிறேன். சியாலிக் அமிலம் நீங்கி, அதன் அடியில் மறைந்திருக்கும் கேலக்டோஸ் என்னும் சர்க்கரை வெளிப்பட்டால்தான் அந்த லெக்டின் நன்றாக ஒட்டும். எனவே ஒளிர்வு கூடுவதைக் கொண்டு நொதி வேலை செய்திருப்பதை அறிகிறேன்.

ஒப்பீட்டுச் சோதனைக்காக நொதியுடன் 10 மைக்ரோமோலார் ஓசெல்டாமிவிரையும் சேர்த்தேன். இன்ஃப்ளூயன்சா வைரஸின் நியூராமினிடேஸை நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலேயே முடக்கும் மருந்து அது. ஆனால் ஒளிர்வு சற்றும் குறையவில்லை. மூன்று முறை செய்தும் அதே விடைதான். நியூராமினிடேஸ், சியாலிடேஸ் இரண்டும் ஒரே வகை நொதியின் பெயர்கள் என்றே படித்திருக்கிறேன். ஒரே பிணைப்பை வெட்டும் இரு நொதிகளில் ஒன்றை மட்டும் ஒரு மருந்து எப்படித் தடுக்கும்?

மறுமொழி 1: நொதி வேதியியலர்

முதலில் குப்பியின் மேல் ஓசெல்டாமிவிர் பாஸ்பேட் என்று இருக்கிறதா, ஓசெல்டாமிவிர் கார்பாக்சிலேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்பேட் என்பது வாய்வழியே உட்கொள்வதற்காக எத்தில் எஸ்டராக மூடப்பட்ட முன்மருந்து. உடலுக்குள் சென்றபின் முக்கியமாகக் கல்லீரலின் கார்பாக்சில் எஸ்டரேஸ் அந்த எஸ்டரை வெட்டும்போதுதான் செயல்படும் வடிவம் கிடைக்கிறது. உங்கள் தட்டில் அந்த மாற்றம் போதிய அளவில் நடக்கும் என்று நம்ப முடியாது. இதே பொடியைக் கரைத்து வாரக்கணக்கில் உழைப்பை வீணாக்கியவன் நான், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஆனால் கார்பாக்சிலேட்டையே சேர்த்திருந்தாலும் உங்களுக்குப் பெரிய பலன் கிடைத்திருக்காது. சியாலிடேஸ்களின் வினை மையங்களில் ஒரு பொதுவான பகுதி உண்டு: ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலங்கள் மூன்று சியாலிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியைப் பிடித்துக்கொள்கின்றன, டைரோசின் என்னும் இன்னோர் அமினோ அமிலம் வெட்டும் வேலையில் பங்கேற்கிறது. வெட்டப்படும் தருணத்தில் சர்க்கரை வளையம் ஒரு பக்கம் தட்டையாகிறது. அந்தத் தட்டையான வடிவத்தைப் போலி செய்வதே 1969-இல் மைண்டில், டுப்பி ஆகியோர் உருவாக்கிய டானா என்னும் சேர்மம். பொதுவான பகுதியையே பற்றிக்கொள்வதால் அது வைரஸ், பாக்டீரியா, மனிதன் என எல்லாத் தரப்பு நொதிகளையும் ஓரளவு தடுக்கும். எதையும் மிக வலுவாகத் தடுக்காது.

வைரஸ் நொதியின் படிக அமைப்பு 1983-இல் வெளியானது. டானாவின் நான்காம் கார்பனுக்கு எதிரே எதிர்மின்சுமை கொண்ட ஓர் இடுக்கு இருப்பதை அதில் கண்டு, அங்கே நேர்மின்சுமை கொண்ட குவானிடினோ தொகுதியைப் பொருத்தியதால் பிறந்ததே சனாமிவிர் என்னும் இன்னொரு இன்ஃப்ளூயன்சா மருந்து. ஓசெல்டாமிவிர் இன்னும் விலகிச் செல்கிறது. சியாலிக் அமிலத்தின் கிளிசரால் பக்கச்சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு நீரை வெறுக்கும் பென்டைல் தொகுதி இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்க, வைரஸ் நொதியின் 276-ஆம் குளூட்டாமிக் அமிலம் திரும்பிப் புதிய குழி ஒன்றை உருவாக்குகிறது. அந்தக் குழிதான் மருந்தின் வலிமை. பாக்டீரியா நொதியில் அதே குழி அமைவதில்லை. ஒரே பூட்டு போலத் தோன்றினாலும் சாவி பிடிக்கும் பள்ளங்கள் வேறு.

மறுமொழி 2: மருத்துவ வைரஸ் ஆய்வாளர்

மேலே சொன்னதற்கு இயற்கையே சான்று தந்திருக்கிறது. என்1 வகை வைரஸ் நியூராமினிடேஸில் 275-ஆம் ஹிஸ்டிடின் டைரோசினாக மாறினால், அந்தக் குளூட்டாமிக் அமிலம் சரியாகத் திரும்ப முடியாமல் ஓசெல்டாமிவிரின் பிடி தளர்ந்துவிடுகிறது. 2007-2009 காலகட்டத்தில் பருவகால எச்1என்1 வைரஸ்களில் இந்த மாற்றம் உலகெங்கும் பரவியது. சனாமிவிருக்கு அந்தத் திருப்பம் தேவையில்லாததால் அது தொடர்ந்து செயல்பட்டது. மனித சியாலிடேஸ்கள் நான்கில் நியூ2, நியூ3 ஆகியவற்றைச் சனாமிவிர் மைக்ரோமோலார் அளவில் தடுக்கிறது. ஓசெல்டாமிவிர் கார்பாக்சிலேட்டோ அவற்றை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. நோயாளிக்கு அது நன்மை, உங்கள் சோதனைக்கு அது தடை.

ஆய்வு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. குப்பியில் பாஸ்பேட் என்றே எழுதியிருக்கிறது. ஆகவே டானாவுக்கு மாறுகிறேன். அது செல்லின் சொந்த சியாலிடேஸ்களையும் தடுக்கும் என்றால், விடையைப் பிரித்தறிவது எப்படி?

மறுமொழி 3: நொதி வேதியியலர்

நொதி சேர்க்காமல் டானா மட்டும் சேர்த்த ஒரு தட்டு கட்டாயம் வேண்டும். நியூ3 செல் சவ்விலேயே இருப்பதால், அதன் பங்கு அந்தத் தட்டில் தெரிந்துவிடும். கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த நொதியுடன் இன்னொரு தட்டும் வையுங்கள்.

டானா வினை மையத்துக்காகப் போட்டியிடும் மீள்தடுப்பான், அதாவது நொதியிலிருந்து மீண்டும் விலகிவிடக்கூடிய தடுப்பான். கழுவும்போது தடுப்பான் போய், நொதி கொஞ்சம் தங்கிவிட்டால் வெட்டுதல் மீண்டும் தொடங்கும். அதனால் குளிர்ந்த கரைசலில் பலமுறை கழுவி, உடனே லெக்டினைச் சேருங்கள். வினை நடக்கும்போது சீரம் இருக்கக் கூடாது. சீரப் புரதங்களிலும் சியாலிக் அமிலம் நிறைய இருப்பதால் நொதி அவற்றில் சிக்கிக்கொள்ளும். பிற்பாடு விப்ரியோ காலரே (காலரா பாக்டீரியா) நொதிக்கு மாறினால், அதற்குக் கால்சியம் தேவை என்பதையும், பாஸ்பேட் கரைசலில் கால்சியம் வீழ்படிவாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.