'பியூயல் ஸ்டார்வேஷன்' என்பதற்குக் 'கடைமடை வறட்சி': ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

'பியூயல் ஸ்டார்வேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம்மிடையே நடக்கும் உரையாடலில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: எரிபொருள் பற்றாக்குறை, எரிபொருள் பட்டினி, எரிபொருள் அடைப்பு, எண்ணெய் வறட்சி. தொட்டியில் பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு வேண்டிய அளவு வந்து சேராமல், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இழுவை குறைந்து நின்றுபோகும் நிலையையே ஆங்கிலக் கையேடுகள் பியூயல் ஸ்டார்வேஷன் என்கின்றன. நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல் பெயர் மாறும்வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய அதே தோட்டப்புற ஊர். இங்கே வாரக் கடைசியில் இளைஞர் சிலருக்கு மோட்டார் பழுதுபார்க்கச் சொல்லித் தருகிறேன். அந்த வகுப்புக்கான தமிழ்க் குறிப்பேட்டை எழுதும்போது இந்த ஒரு சொல் இல்லாமல் மூன்று பக்கங்கள் நின்றுவிட்டன. ஆகையால் நான் எழுதுவதில் அகராதிக்காரரின் கவலையைவிடப் பட்டறைக்காரரின் அவசரமே மிகுந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 'பற்றாக்குறை' என்றதும் பெட்ரோல் நிலையத்தில் வரிசை நிற்பதோ தொட்டி காலியாகக் கிடப்பதோதான் மனத்தில் எழும். நாம் பேசும் கோளாறின் முதல் இலக்கணமே தொட்டி காலியில்லை என்பதுதான். 'பட்டினி' ஆங்கிலச் சொல்லின் நிழல். அது யாருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்கிறதே ஒழிய, எங்கே நின்றுபோனது என்று சொல்லவில்லை. 'எண்ணெய் வறட்சி' என்று எழுதிய நண்பர் நம் ஊர்ப் பேச்சை மதித்திருக்கிறார். பெட்ரோல் போடுவதை நாமும் 'எண்ணெய் போடுவது' என்றுதானே சொல்கிறோம்? ஆனால் இன்ஜினுக்குள் ஊற்றும் மசகெண்ணெயும் நமக்குக் 'கருப்பெண்ணெய்' ஆயிற்றே. குறிப்பேட்டில் 'எண்ணெய் வறட்சி' என்று படிக்கும் பையன் கருப்பெண்ணெய் தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வான். அது வேறு கோளாறு, அதன் முடிவும் வேறு: பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

'அடைப்பு' என்பதை மறுக்கத்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எந்தப் போமனை (பட்டறை மெக்கானிக்கை) கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். அடைப்பு ஒரு காரணம். நமக்கு வேண்டியதோ நிலையின் பெயர். அண்மையில் வகுப்புக்கு ஒரு பழைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் வந்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும், பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறைந்து நின்றுவிடும். நிழலில் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்து உதைத்தால் மறுபடி ஓடும். 'அடைப்பு' என்ற சொல்லை நம்பி பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் அதன் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவியிருந்தார்கள். நாங்கள் பார்த்தபோது குழாயிலும் கார்புரேட்டரிலும் ஒரு தூசுகூட இல்லை. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனதால் யாரோ பழைய டியூப்பை வெட்டி அதன் இடத்தில் போட்டிருந்தார்கள். அந்த ரப்பர் மூடியின் காற்றுத் துளையை மறைத்துவிட்டது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அது விட்டுச்சென்ற இடத்துக்குக் காற்று உள்ளே வர வழியில்லை. தொட்டிக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்து, ஓட்டம் நூலாகி, நின்றது. ஓய்வு கொடுத்தால் எங்கோ ஓரிடுக்கில் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டியும் ஓடும். பெட்ரோல் செல்லும் பாதையில் எதுவுமே அடைபடாமல் பெட்ரோல் வராமல் போன கதை இது. கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை தாழ்வாக அமைந்திருந்தாலும், குழாய் மடங்கியிருந்தாலும், பெட்ரோல் திறப்பு (பெட்ரோலை விடவும் நிறுத்தவும் திருப்பும் திருகு) முழுதாகத் திறக்காவிட்டாலும் விளைவு இதேதான். காரணத்தின் பெயரை நிலைக்குச் சூட்டினால், கைகள் அந்த ஒரு காரணத்தைத் தேடியே போய்க்கொண்டிருக்கும்.

என் முன்மொழிவு: கடைமடை வறட்சி.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் வழி. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் முதல் மடை தலைமடை, கடைசி மடை கடைமடை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறார்கள். அணை நிரம்பியிருக்கும் ஆண்டுகளிலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்ற முறையீடு நாகப்பட்டினம், பேராவூரணிப் பக்கங்களிலிருந்து எழும். தூர் வாராத வாய்க்கால், திறக்காத மதகு, நடுவழியில் உடைந்த கரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நிலையின் பெயர் ஒன்றே. மேலே நீர் இருக்கிறது, கீழே வரவில்லை. இதைவிடப் பொருத்தமாக ஒரு சி70-இன் நோயை எப்படிச் சொல்வது? அந்த வண்டியில் பம்பு கிடையாது. இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. வாய்க்கால் பாய்ச்சலேதான்.

நம் பிள்ளைகள் காவிரியைக் கண்டார்களா என்று கேட்பீர்கள். இதே சிலாங்கூரின் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களைக் கண்டிருக்கிறார்கள். பெர்ணம் ஆற்று நீரைத் தெங்கி ஆற்றின் வழியாகக் கொண்டுவந்து, 'தாலி ஆயர்' என்று நாம் சொல்லும் கால்வாய்களில் பிரித்து அங்கே நெல் விளைகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்வாய் ஓரத்தில் தூண்டில் போடாத பையன் என் வகுப்பில் இல்லை. ஒருநாள் அங்கே அழைத்துப்போய் மதகைக் காட்டினால் சொல் நிலைத்துவிடும்.

ஒரு கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை, அது வேலையை நடத்துகிறதா என்பது. 'கடைமடை வறட்சி' என்றவுடன் தேட வேண்டிய வழி தானாக விரிகிறது: கடைமடையில் தொடங்கி மேலே ஏறு, எந்த மடைவரை நீர் வந்திருக்கிறது என்று பார். வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே, ஆறவிடாமல், கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தின் வடிதிருகை (பெட்ரோலை வடிக்கும் திருகை) ஒரு பாட்டிலுக்குமேல் தளர்த்த வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும் என்பதால் பெட்ரோல் அதன்மேல் படாமல் சிறு குழாய் வைத்துப் பிடிப்பதும், கொசுவர்த்தியும் சிகரெட்டும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். கிண்ணத்திலிருந்து தாராளமாக வந்து, திறப்பு திறந்திருக்கும்வரை ஓட்டம் நிற்காமல் தொடர்ந்தால், மடைகளெல்லாம் சரி. கோளாறு கிண்ணத்துக்குப் பின்னால், பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளில் இருக்கிறது, அல்லது பெட்ரோலோடு தொடர்பில்லாத மின்பொறியில் இருக்கிறது. கொஞ்சம் வந்து பிறகு சொட்டத் தொடங்கினால், அதுதான் கடைமடை வறட்சி. அப்போது தொட்டி மூடியைத் திறக்கவேண்டும். 'உஸ்' என்ற ஒலியுடன் ஓட்டம் மீண்டால் காற்றுத் துளையைப் பாருங்கள். மீளாவிட்டால் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழியை மூடும் மிதவை ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அதற்கு முன்னுள்ள சல்லடை மூடியிருக்கிறதா, குழாய் நசுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு மடையாக மேலேறலாம்.

பழைய சி70-இல் ஒரு தனிக் கவனம் தேவை. பல வண்டிகளில் பெட்ரோல் திறப்பு தொட்டியில் இல்லை, கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. தொட்டியிலிருந்து வழக்கமான ஓட்டத்துக்கு ஒன்றும் ரிசர்வுக்கு ஒன்றுமாக இரண்டு குழாய்கள் அதற்கு வருகின்றன. திறப்பை மூடிவிட்டோம் என்ற நம்பிக்கையில் குழாயைக் கழற்றினால் தொட்டியிலுள்ளது முழுவதும் காலில் கொட்டும். முதலில் குழாய்களைக் கவ்வியால் இறுக்க வேண்டும். ரிசர்வில் ஓடி, வழக்கமான நிலையில் நிற்கும் வண்டி, தொட்டியில் பெட்ரோல் போதுமான உயரத்துக்கு இருந்தும் அப்படிச் செய்தால், ஒரு கிளை வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று பொருள். திறப்புக்கு அடியிலுள்ள சிறு வண்டல் கிண்ணத்தைக் கழற்றினால் துருப்பொடியும், சில வேளைகளில் நீர்த்துளியும் கிடைக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பாதி காலியாக நிற்கும் இரும்புத் தொட்டிக்குள் இரவில் நீர் வியர்க்கிறது. நீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கித் துருவை வளர்க்கிறது.

இனி, நண்பர் ஒருவர் எழுப்பிய ஐயம். மெலிந்த கலவை (காற்றுக்கு வேண்டிய அளவு பெட்ரோல் சேராத கலவை) என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அவர் கேட்கிறார். இரண்டும் ஒன்றல்ல. கலவை மெலிவது பெட்ரோல் குறைவதாலும் நேரலாம், காற்று மிகுவதாலும் நேரலாம். பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே இருக்கும் வளையம் வெடித்து அதன்வழி காற்று கசிந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், கிண்ணம் நிரம்பியிருந்தாலும். காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் வண்டி தேறுவது, பிளக்கின் முனை பழுப்பாக இல்லாமல் வெளுத்துத் தெரிவது ஆகிய அறிகுறிகள் இரண்டுக்கும் பொது. பிரித்துக் காட்டுவது வடிதிருகுச் சோதனைதான். ஆகவே 'மெலிவு' கலவையின் தன்மைக்கும், 'கடைமடை வறட்சி' பெட்ரோல் வந்து சேராமைக்கும் இருக்கட்டும். வாகனத் தமிழில் இவ்விரண்டையும் கலந்து எழுதிய குறிப்புகளைப் படித்து நானே ஒரு மாலை வீணாக்கியிருக்கிறேன்.

'கடைவறட்சி' என்று சுருக்கலாமே என்ற கருத்தை நானும் முதலில் விரும்பினேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதியதும், "சாமான் இல்லாத கடையா?" என்று ஒருவன் கேட்டான். கடைவாய், கடைக்கண் எல்லாம் இருக்கின்றனவே என்று இலக்கணம் பேசிப் பயனில்லை. 'மடை' என்ற பகுதிதான் பொருளைச் சுமக்கிறது, அதை வெட்டக் கூடாது. பம்பு வைத்து ஊசிவழி பெட்ரோல் செலுத்தும் புதிய வண்டிகளுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொருந்தும், அங்கே உயரத்தின் இடத்தில் அழுத்தம் இருக்கிறது, அவ்வளவே. பம்பு தளர்ந்தாலும் வடிகட்டி மூடினாலும் கடைசி முனையில்தான் முதலில் தெரியும்.

ஜெட்டுக்கு ஒருவர் 'பீலி' என்று பரிந்துரைத்திருந்தார். பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் வடிய அடித்த தகரப் பீலியின் நினைவு எனக்கும் இனிக்கிறது. ஆனால் பீலி வழிகாட்டுமே தவிர அளக்காது. ஜெட்டின் வேலையே அளப்பது. கெய்ஹின் நிறுவன ஜெட்டில் 75 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.75 மில்லிமீட்டர். மிகுனி நிறுவனத்தின் அறுகோணத் தலை ஜெட்டில் அதே எண், ஒரு நிமிடத்தில் பாயும் அளவைக் கனசென்டிமீட்டரில் குறிக்கிறது. இரண்டையும் எண் பார்த்து மாற்றிப் போடுபவர்கள் இங்கே நிறைய. ஒருவர் துளையை எண்ணுகிறார், மற்றவர் அளவை எண்ணுகிறார். எனவே 'அளவுத்துளை' என்பது இருவருக்கும் ஒத்துவரும். பழைய பெட்ரோல் காய்ந்து அளவுத்துளையில் படியும் பிசினுக்கு மட்டும் பால்காட்டிலிருந்தே (ரப்பர் தோட்டத்திலிருந்தே) சொல் எடுத்துக்கொள்ளலாம்: மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால்போல் 'ஒட்டுப்படிவு'. அதை ஊசியால் குத்தி எடுக்க வேண்டாம் என்றும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். பித்தளை மென்மையான உலோகம், எஃகு முனை பட்டால் துளை பெருகி எண் பொய்யாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

கார்புரேட்டரையும் பிளக்கையும் நான் மொழிபெயர்க்கவில்லை. 'எரிகலப்பி' வேண்டும் என்போருடன் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பையன் நாளைக்குப் பட்டணத்துப் போமனிடம் உதிரிப்பொருள் கேட்கப் போகிறான். பொருளுக்குப் பெயர் இருக்கிறது, நிலைக்குத்தான் பெயர் இல்லை.

மீதமிருப்பது இதன் எதிர்நிலை: மிதவை ஊசி மூடாமல் கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் வழிகுழாயில் ஒழுகி, பிளக் நனைந்து வண்டி கிளம்ப மறுப்பது. 'வெள்ளம்' என்பது மிகை, 'நிறைவழிவு' ஏரிக்குச் சரி. மிதவை ஊசியை 'மிதவை மதகு' என்று ஏற்றுக்கொண்டால் இதை 'மதகொழுக்கு' எனலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்தப் பாடம் வருகிறது. அதற்குள் உங்கள் கருத்தை எழுதினால் கரும்பலகையில் ஒரே சொல்லாக எழுதிவிடுவேன்.