ஓடும் லைனில் பிளாக் மாற்றினால் எண்ணிக்கை அழிகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஐஇசி 61499 முறையில் (கட்டுப்பாட்டு நிரலை பிளாக் எனும் துண்டுகளாக்கி, பல கருவிகளில் பகிர்ந்து ஓட்டும் தரநிலை) ஒரு கன்வேயர் லைன். மூன்று ராஸ்பெரி பை சிறு கணினிகள், மூன்றிலும் அந்த பிளாக்குகளை இயக்கும் 4டயாக் ஃபோர்ட்டே மென்பொருள்; தலைமை பிஎல்சி (ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி) கிடையாது. செய்தி அனுப்பும் பப்ளிஷ், பெறும் சப்ஸ்கிரைப் பிளாக்குகள் மல்டிகாஸ்ட்டில் (ஒரே செய்தியை ஒரு குழுவுக்கே அனுப்பும் முறை) பேசிக்கொள்கின்றன.

சிக்கல், பெட்டிகளை வேறு பாதைக்குத் தள்ளும் டைவர்ட்டரில். லைனை நிறுத்தாமல் அதை இயக்கும் பிளாக்கை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்டாப், டெலீட், கிரியேட், ரைட், ஸ்டார்ட் கட்டளைகள் எல்லாம் ஒழுங்காகவே போகிறது. ஆனால் புது பிளாக் ஆரம்ப ஸ்டேட்டில்தான் எழுகிறது. சென்சாரைத் தாண்டி, தள்ளும் கைக்கு இன்னும் வராத பெட்டிகளின் எண்ணிக்கை பூஜ்யமாகிறது; அவை தவறான பாதையில் போகின்றன. போதாக்குறைக்கு, கோல்ட் எனும் தொடக்க ஈவென்ட், ரிசோர்ஸ் (பிளாக்குகள் ஓடும் பகுதி) தொடங்கும்போது மட்டுமே வருவதால், இடையில் சேர்த்த பிளாக்குக்கு இனிட் (பிளாக்கைத் தயார்செய்யும் ஈவென்ட்) கிடைப்பதில்லை; கையால்தான் தூண்ட வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையைத் தனி பிளாக்கில் வைத்து, லாஜிக்கை மட்டும் மாற்றலாமா? அல்லது பழையது, புதியது இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, பெட்டி இல்லாத இடைவெளியில் ஈ_ஸ்விட்ச் (ஈவென்ட்டை இரண்டு வழிகளில் ஒன்றுக்கு அனுப்பும் பிளாக்) வழியாகத் திருப்பலாமா? இரண்டாவதில் ஒரே அவுட்புட்டை இரண்டும் எழுதிவிடுமோ என்பதுதான் பயம். செய்து பார்த்தவர்கள் இணைப்புகளை எந்த வரிசையில் மாற்றினீர்கள்?